ஹீட்டர் ஃபேன் 4-ல் மட்டும் ஓடுகிறது: ரெசிஸ்டர் மாற்றியும் மறுபடி போய்விட்டது

டீசல்வேன்:
90-களின் நடுவில் வந்த டீசல் வேன். ஹீட்டர் ஃபேனுக்கு நான்கு வேக சுவிட்ச். முதலில் 1, 2, 3 மூன்றும் நின்றுபோய், 4-ல் வைத்தால் மட்டும் ஓடியது. எல்லோரும் சொல்வதுபோல, ஃபேனின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்தான் என்று புதிதாக வாங்கி மாட்டினேன். எல்லா வேகமும் வந்தது. சில வாரங்களில் மறுபடி அதே கதை. இப்போது 4-ல் வைத்தாலும் பழைய வேகம் இல்லை. சில நேரம் டேஷ்போர்டுக்கு அடியில் தட்டினால்தான் கிளம்புகிறது. பிளாஸ்டிக் கருகும் வாடையும் லேசாக வருகிறது. ஆனால் ஃபியூஸ் ஒருமுறைகூடப் போகவில்லை. அதுதான் குழப்பம்.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்கண்ணாடியில் ஈரம் படிந்தால் எதிரில் ஒன்றுமே தெரிவதில்லை, அதனால் ஃபேன் இல்லாமல் ஓட்ட முடியாது. இன்னொரு ரெசிஸ்டர் போடவா, இல்லை சுவிட்சையும் சேர்த்து மாற்றவா?

ஸ்பேனர்14:
சுவிட்ச்தான். பழைய வண்டியில் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும். கழற்றுவதும் சுலபம், மாற்றிவிடுங்கள்.

ஓம்_விதி:
கொஞ்சம் பொறுங்கள். எதையும் வாங்குவதற்கு முன் ரெசிஸ்டர் ஏன் போனது என்று பார்த்துவிடலாம். வயதான ஒரு ரெசிஸ்டர் போவது சகஜம். புதிது சில வாரத்தில் போனால், அதை எரித்தது வேறு ஏதோ ஒன்று.

அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் அமைப்பு இதுதான்: மோட்டாருடன் தொடராக மூன்று கம்பிச் சுருள்கள். சுவிட்சை 1-ல் வைத்தால் மூன்று சுருளும் வழியில் இருக்கும், 2-ல் இரண்டு, 3-ல் ஒன்று. 4-ல் எதுவும் இல்லை, மோட்டாருக்கு முழு வோல்டேஜ். அதனால்தான் ரெசிஸ்டர் போனால் 4 மட்டும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சுருள்கள் மின்சார அடுப்புக் கம்பி மாதிரி சூடாகும். அந்தச் சூட்டை எடுத்துப் போகத்தான் ரெசிஸ்டரைக் காற்றுக்குழாய்க்குள் நீட்டி வைத்திருக்கிறார்கள். ஃபேன் வீசும் காற்றுதான் அதைக் குளிர வைக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு மூன்று சுருளும் சேர்ந்து 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 1-ல் நல்ல மோட்டார் 4 ஆம்பியர் இழுத்தால் ரெசிஸ்டரில் 32 வாட் சூடு. காற்று வீசுவதால் தாங்கும். அதே மோட்டார் இறுகிப்போய்ச் சுற்றாமல் நின்றுவிட்டால் மின்னோட்டம் ஏறக்குறைய 6 ஆம்பியராக ஏறும், சூடு 70 வாட்டை ஒட்டிப் போகும். அதே நேரம் காற்றும் இல்லை. ரெசிஸ்டர் தட்டில் இருக்கும் வெப்ப ஃபியூஸ் உருகிவிடும். ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் 30 ஆம்பியர் ஃபியூஸுக்கோ இந்த 6 ஆம்பியர் ஒரு பொருட்டே கிடையாது. உங்கள் ஃபியூஸ் போகாததற்கு இதுதான் காரணம்.

தட்டினால் ஓடுகிறது என்பதும் மோட்டாரைத்தான் காட்டுகிறது. சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், தண்டைத் தாங்கும் புஷ் இறுகியிருக்கலாம். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். இக்னிஷனை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றினால் தாராளமாகச் சுற்றி மெதுவாக நிற்கிறதா, சட்டென்று நிற்கிறதா? ரெசிஸ்டர் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பாக மாறியிருக்கிறதா?

மழைப்பயணி:
எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. ரெசிஸ்டரில் இருக்கும் அந்தச் சின்ன வெப்ப ஃபியூஸை வெட்டிவிட்டு ஒரு துண்டு கம்பியால் இணைத்துவிட்டேன். நாலு வேகமும் ஓடுகிறது, செலவே இல்லை.

பழையஇரும்பு:
மழைப்பயணி, அந்தக் கம்பியை இன்றைக்கே எடுங்கள். மோட்டார் நின்றுபோனால் சூட்டை நிறுத்த அந்த வண்டியில் வேறு எதுவும் கிடையாது, ஓம்_விதி மேலே போட்ட கணக்கே போதும். ரெசிஸ்டர் இருக்கும் குழாய் பிளாஸ்டிக். பழைய வண்டி என்றால் உள்ளே காய்ந்த இலை, பஞ்சு, சில நேரம் எலிக்கூடுகூட இருக்கும். சிவந்த கம்பி அதன்மேல் பட்டால் தீ டேஷ்போர்டுக்குள் ஆரம்பிக்கும். மாற்றத்தான் வேண்டும் என்றால் அதே வெப்ப அளவுள்ள வெப்ப ஃபியூஸாகப் போடுங்கள், கிளிப்பில் அழுத்திப் பொருத்துங்கள். சாதாரணமாக ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வைக்கும்போதே அது உருகிப்போகும்.

30-க்குப் பதில் 40 ஃபியூஸ் போட்டுப் பார்க்கும் வேலையும் வேண்டாம். அது இருப்பது மோட்டாரைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற.

டீசல்வேன்:
கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். கனெக்டரில் ஒரு முனை மட்டும் நன்றாகப் பழுப்பேறிக் கறுத்திருக்கிறது, பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியும் இருக்கிறது. மற்ற முனைகள் பரவாயில்லை. ஃபேன் கையால் சுழற்றினால் உடனே நிற்கிறது, ஓர் இடத்தில் உரசுவது போலவும் இருக்கிறது.

மல்டிமீட்டர் வைத்தபோதுதான் தலை சுற்றியது. இக்னிஷன் ஆன், சுவிட்ச் 2-ல். மோட்டாரின் இரண்டு முனையிலும் 12.4 வோல்ட்! ஒன்றில் 12, இன்னொன்றில் பூஜ்யம் வரவேண்டாமா? மோட்டாருக்குள் ஷார்ட்டா?

ஓம்_விதி:
ஷார்ட் இல்லை. உங்கள் வண்டியில் சுவிட்ச் எர்த் பக்கம், அதாவது மோட்டாருக்குப் பிறகு வண்டியின் உலோக உடலுக்கு (பாடிக்கு) மின்சாரம் திரும்பும் பக்கம் இருக்கிறது. பல வண்டிகளில் அப்படித்தான். இக்னிஷன் போட்டதும் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக மோட்டாருக்கு 12 வோல்ட் நேராக வந்து நிற்கும். அங்கிருந்து ரெசிஸ்டர், சுவிட்ச் வழியாகப் பாடிக்குப் போனால்தான் சுற்று முடியும். ரெசிஸ்டர் அறுந்துவிட்டதால் மின்னோட்டம் போக வழி இல்லை. ஓட்டம் இல்லையென்றால் மோட்டாரில் வோல்டேஜ் குறையாது, அந்தப் பக்கமும் அதே 12.4 தெரியும். இரண்டு முனையிலும் பேட்டரி வோல்டேஜ் என்றால் அதற்குப் பிறகுள்ள எர்த் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டிலும் பூஜ்யம் என்றால் வரும் பாதையில் கோளாறு: ஃபியூஸ், ரிலே, இக்னிஷன் பக்கம் போகவேண்டும். ஒன்றில் 12, இன்னொன்றில் பூஜ்யம், ஆனால் மோட்டார் அசையவில்லை என்றால்தான் மோட்டார் குற்றவாளி.

வயரிங் படம் இல்லாமல் இதைத் தொட்டால் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வரும். சுவிட்சை பாசிட்டிவ் பக்கம் வைத்த வண்டிகளும் உண்டு, அவற்றில் கதை தலைகீழ்.

அடுத்து செய்யவேண்டியது ஓடும்போது அளப்பது. ஓடாதபோது மல்டிமீட்டர் நல்ல பிள்ளை மாதிரி 12 காட்டும், ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரில்கூடக் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு ஃபேனை 4-ல் வையுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையால் வழியெங்கும் தொட்டுப் பாருங்கள்: ஃபியூஸ், மோட்டார் பாசிட்டிவ், மோட்டார் நெகட்டிவ், ரெசிஸ்டர் கனெக்டரின் இரு பக்கம், சுவிட்ச், சுவிட்சின் எர்த் வயர். கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக ஊசியை நுழைத்து அளக்கவேண்டும்.

மின்னோட்டத்தை அளக்க மல்டிமீட்டரைத் தொடராக மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் 10 ஆம்பியர் எல்லையை இந்த மோட்டார் தாண்டிவிடும். வயரைச் சுற்றிக் கவ்வி டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் போதும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது, அதைக் கவனித்து வாங்குங்கள்.

ஸ்பேனர்14:
இவ்வளவு அளப்பதற்குள் நான் சுவிட்சை மாற்றி முடித்திருப்பேன் :)

டீசல்வேன்:
கிளாம்ப் கிடைத்தது. எஞ்சின் ஓடும்போது, ஃபேன் 4-ல்:

பேட்டரி 13.8
ஃபியூஸ் 13.6
மோட்டார் பாசிட்டிவ் 12.9
மோட்டார் நெகட்டிவ் 2.3
ரெசிஸ்டர் கனெக்டரைத் தாண்டி, சுவிட்சுக்குப் போகும் வயரில் 0.4
சுவிட்சின் எர்த் வயரில் 0.1
மின்னோட்டம் 24 ஆம்பியர்

4-ல் ரெசிஸ்டரே வழியில் இல்லை என்றீர்களே, பிறகு அந்தக் கனெக்டரில் எப்படி வோல்டேஜ் தொலைகிறது?

ஓம்_விதி:
நல்ல கேள்வி. சுருள்கள் வழியில் இல்லை, ஆனால் மோட்டாரிலிருந்து வரும் வயரும் சுவிட்சின் 4-ம் முனைக்குப் போகும் வயரும் பல வண்டிகளில் அந்தத் தட்டில்தான் சந்திக்கின்றன. ஆக 4-ல் முழு மின்னோட்டமும் அந்தக் கனெக்டரின் பொதுமுனை வழியாகத்தான் போகிறது. கறுத்திருப்பதும் அதே முனையாகத்தான் இருக்கும், பாருங்கள்.

அங்கே 2.3-க்கும் 0.4-க்கும் இடையில் 1.9 வோல்ட் தொலைகிறது. 24 ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 46 வாட். ஒரு ஹெட்லைட் பல்புக்குச் சற்றுக் குறைவான சூடு, விரல்நுனி அளவுள்ள ஒரு பித்தளை முனையில்! கருகும் வாடை அங்கிருந்துதான் வருகிறது. சுவிட்சில் தொலைவது வெறும் 0.3. அதைத் தொடவேண்டாம், ஸ்பேனர்14 மன்னிக்கவும். எர்த்தும் நன்றாக இருக்கிறது.

இதைவிட முக்கியம் அந்த 24. மோட்டாருக்குக் கிடைப்பது 10.6 வோல்ட்தான். வோல்டேஜ் குறைந்தால் மின்னோட்டமும் குறையவேண்டும். இந்த அளவு மோட்டார் முழு வோல்டேஜில் பொதுவாக 15 முதல் 20-க்குள் நிற்கும். உங்களுடையது குறைந்த வோல்டேஜில் 24 இழுக்கிறது, அதுவும் மெதுவாகச் சுற்றிக்கொண்டு. மோட்டார் இறுகியிருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. முதலில் மோட்டார் இறுகியது, அதிகம் இழுத்தது, கனெக்டர் முனை சூடாகி அதன் பிடி தளர்ந்தது, தளர்ந்ததால் இன்னும் சூடானது. 1-லும் 2-லும் மோட்டார் கிளம்பாமல் நின்ற நேரங்களில் ரெசிஸ்டர் எரிந்தது. இன்னும் நான்கு ரெசிஸ்டர் வாங்கினாலும் இதே கதிதான்.

பழையஇரும்பு:
மோட்டார் ஏன் இறுகியது என்பதையும் பார்த்துவிடுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று உள்ளே வரும் பள்ளம் ஒன்று இருக்கும். மழைத்தண்ணீர் அங்கே விழுந்து இரு ஓரத்து வடிகால் வழியாகக் கீழே போகவேண்டும். இலைகள் மக்கி வடிகாலை அடைத்தால் தண்ணீர் தேங்கி, நிரம்பி, ஃபேன் பெட்டிக்குள் வழியும். மோட்டார் பெரும்பாலும் அதன் அடியில்தான் தொங்குகிறது. மோட்டாரைக் கழற்றும்போது துருத் தண்ணீர்க் கறை இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மழைக்குப் பிறகு முன்பயணி பக்கத்துக் கம்பளம் ஈரமாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை, ஹீட்டர் ரேடியேட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. அது வேறு வேலை.

கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவை எடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் எடுத்தபிறகு சில நிமிடம் காத்திருந்துதான் கிளவ் பாக்ஸ் பக்கம் கை வைக்கவேண்டும். ஃபேன் சக்கரத்தைத் தண்டிலிருந்து எடுப்பதாக இருந்தால் இரண்டிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் சமநிலை தவறி டேஷ்போர்டே அதிரும். சக்கரத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உலோகக் கிளிப்புகள் சமநிலைக்காக வைத்தவை, அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

டீசல்வேன்:
நீங்கள் சொன்னது அப்படியே. பள்ளத்தின் வலது வடிகாலில் மக்கிய இலை கெட்டியாக அடைத்திருந்தது. தண்ணீர் ஊற்றினால் நேராக ஃபேன் பெட்டிக்குள் போகிறது. மோட்டாரின் தண்டு கீழ்ப்பக்கப் புஷ்ஷில் துருப்பிடித்திருக்கிறது. பிரஷ்ஷும் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. வடிகாலைச் சுத்தம் செய்துவிட்டேன்.

மோட்டாரைச் சரிசெய்ய முடியுமா? துருநீக்கி ஸ்ப்ரே அடித்தவுடன் நன்றாகச் சுற்றுகிறது.

ஓம்_விதி:
ஸ்ப்ரே அடித்தால் எல்லாமே கொஞ்ச நாள் சுற்றும். அது மெல்லிய கரைப்பான், புஷ்ஷுக்குள் மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு காய்ந்துவிடும். இந்த புஷ்கள் நுண்துளை உள்ள வெண்கலத் தூளை அழுத்திச் செய்தவை, எண்ணெயைத் தங்களுக்குள் வைத்திருக்கும். வெறும் கீச்சொலி மட்டும் உள்ள மோட்டார் என்றால் மெல்லிய மெஷின் ஆயில் ஒன்றிரண்டு சொட்டு போதும், பிரஷ் உரசும் செப்புப் பட்டைகளில் (கம்யூட்டேட்டரில்) படாமல். உங்கள் தண்டில் துரு அரித்திருந்தால் அந்தக் கரடு புஷ்ஷைத் தின்றுகொண்டே இருக்கும். என் பார்வையில் மோட்டாரை மாற்றுவதுதான் சரி.

பழையஇரும்பு:
இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். சில பழைய வண்டிகளுக்குப் புது மோட்டார் கிடைக்கவே கிடைக்காது. அப்போது பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை. தண்டைச் சன்னமான உப்புத்தாளால் மெருகிட்டு நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இல்லையென்றால் காப்பாற்றலாம். கம்யூட்டேட்டரையும் உப்புத்தாளால் துடைக்கலாம். எமரித் தாள் வேண்டாம், அதன் தூள் செப்புப் பட்டைகளின் இடுக்கில் தங்கிக்கொண்டு தொந்தரவு தரும். பிரஷ், அதே அளவுக்கு வேறு மோட்டாருடையதைத் தேய்த்துப் பொருத்தியவர்களும் உண்டு. ஆனால் மோட்டார் கூட்டின் விளிம்பையே உருட்டி மூடியிருந்தால் பிரித்தபின் ஒழுங்காக மூடாது. அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டீசல்வேன்:
மூடி உருட்டி மூடியதுதான். தண்டிலும் பள்ளம் நகத்துக்குத் தெரிகிறது. அதே வரிசை வண்டி ஒன்றிலிருந்து எடுத்த மோட்டார் கிடைத்திருக்கிறது, தாராளமாகச் சுற்றுகிறது. ஆனால் அதன் கனெக்டர் வேறு, வயர் நிறமும் வேறு. வெட்டி இணைக்கவேண்டும். எது பாசிட்டிவ் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாற்றிக் கொடுத்தால் எரிந்துவிடுமா?

ஓம்_விதி:
எரியாது, எதிர்த்திசையில் சுற்றும். நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டார் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், இந்த உருளை வடிவச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், வெகு பலவீனமாக. பலர் அதைப் பார்த்துவிட்டு மோட்டார் சரியில்லை என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அதனால் மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். பழைய மோட்டார் எந்தப் பக்கம் சுற்றியது என்பது பெட்டியின் நத்தை வடிவத்திலேயே தெரியும்: குழாய் அகன்றுகொண்டு போகும் பக்கமாகத்தான் சக்கரம் சுற்றவேண்டும்.

வெளியே வைத்துச் சோதிக்கும்போது பேட்டரியிலிருந்து வரும் வயரில் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். மோட்டாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கிளம்பும்போது துள்ளும்.

கனெக்டருக்கு: கருகிய பகுதியை விட்டு, செம்பு பளபளவென்று தெரியும் இடம்வரை வயரை வெட்டுங்கள். கறுத்த செம்பின்மேல் எவ்வளவு நல்ல முனை போட்டாலும் மறுபடி சூடாகும். வெப்பம் தாங்கும் புதுக் கனெக்டர், அதே தடிமனோ கூடுதலோ உள்ள வயர், சரியான கருவியால் க்ரிம்ப், அதாவது முனையை வயரோடு அழுத்திப் பிடிக்க வைப்பது. ரெசிஸ்டர் பக்கத்து ஆண் முனையும் கறுத்திருந்தால் ரெசிஸ்டரும் புதிதாகத்தான் இருக்கவேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பழையஇரும்பு:
மோட்டார் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர்க் குழாய் இருக்கும், ஃபேன் பெட்டியிலிருந்து மோட்டார் உடலுக்குப் போகும். அது பெட்டிக் காற்றை எடுத்து மோட்டாரைக் குளிர வைப்பது. மிச்சம் விழுந்த பொருள் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் அதிகம். வெடித்திருந்தால் மாற்றிவிட்டு மாட்டுங்கள்.

டீசல்வேன்:
எல்லாம் முடிந்தது. மோட்டார், ரெசிஸ்டர், கனெக்டர் மூன்றும் மாறின. சுவிட்ச் பழையதேதான். ரப்பர்க் குழாய் பழைய மோட்டாரில் பாதி கிழிந்து தொங்கியது, அதையும் மாற்றினேன்.

இப்போதைய அளவுகள், எஞ்சின் ஓடும்போது 4-ல்: மோட்டார் பாசிட்டிவ் 13.2, நெகட்டிவ் 0.5, மின்னோட்டம் 16 ஆம்பியர். 1-ல் ரொம்ப நேரம் ஓடவிட்டும் கனெக்டரைக் கையால் தொட முடிகிறது, லேசான வெதுவெதுப்புத்தான். வாடை இல்லை. கண்ணாடி 3-லேயே தெளிந்துவிடுகிறது.

ஓம்_விதி:
16 அருமை. நெகட்டிவில் 0.5 என்றால் அதில் ஒரு பகுதி சுவிட்சுக்குள் இருக்கலாம். இப்போதைக்குப் பரவாயில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதே இடத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். கூடியிருந்தால் அப்போது ஸ்பேனர்14 சொன்ன வேலையைச் செய்யலாம்.

ஸ்பேனர்14:
இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன், அன்றைக்கு இதைக் காட்டிப் பேசுவேன்.

மழைப்பயணி:
கம்பியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய் ஏற்கெனவே கொப்பளித்திருந்தது. புது ரெசிஸ்டர் வரும்வரை 4-ல் மட்டும் ஓட்டுகிறேன். மோட்டாரையும் கையால் சுழற்றிப் பார்த்தேன், ஏதோ தட்டுகிற சத்தம்.

பழையஇரும்பு:
ஒரே சீராகத் தட்டினால் சக்கரத்தில் இலையோ குச்சியோ மாட்டியிருக்கும், ரெசிஸ்டர் துளை வழியாகவே டார்ச் அடித்துப் பாருங்கள், கையை விட்டு எடுக்கலாம். அதன்பிறகும் தாராளமாகச் சுற்றவில்லை என்றால் ரெசிஸ்டர் மாட்டுவதற்கு முன் 4-ல் எத்தனை ஆம்பியர் என்று அளந்துவிடுங்கள்.

புதுச்சாவி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் காரில் தலைகீழ்: 1, 2, 3 ஓடுகிறது, 4 மட்டும் இல்லை. இதுவும் ரெசிஸ்டரா?

ஓம்_விதி:
இல்லை. 1, 2, 3 ஓடுவதால் மோட்டாரும் சுருள்களும் நலம். 4-க்கென்று தனி ரிலே சில கார்களில் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். பக்கத்திலேயே அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ரிலே இல்லாத கார் என்றால் சுவிட்சின் 4-ம் காண்டாக்ட், அல்லது அதிலிருந்து வரும் வயர். அதிக மின்னோட்டம் அந்தக் காண்டாக்டில்தான் போகிறது, அதனால் முதலில் கருகுவதும் அதுதான்.

வேகத்துக்குப் படிகள் இல்லாமல் தொடர்ச்சியாகத் திருகும் குமிழ் என்றால், அல்லது தானியங்கி ஏசி என்றால், அங்கே சுருள் ரெசிஸ்டருக்குப் பதில் டிரான்சிஸ்டர் தொகுதி இருக்க வாய்ப்பு அதிகம். அதில் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நேராகப் பொருந்தாது, டெஸ்ட் லேம்ப்பையும் அதன் சிக்னல் வயரில் வைக்கவேண்டாம். உங்களுடையது எது என்று சொல்லுங்கள்.

புதுச்சாவி:
படிகள் உள்ள சுவிட்ச்தான். ஃபியூஸ் பெட்டியில் ஒரே எண்ணில் இரண்டு ரிலே இருந்தது, மாற்றிப் போட்டேன். 4 ஓடுகிறது, பின்கண்ணாடிச் சூடேற்றி நின்றுவிட்டது. புது ரிலே வாங்கப் போகிறேன்.